போரரெய்க் போகிறீர்களா? கல்லை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், ஐஷார்ட் கடற்கழியின் கரையில் இடிந்து கிடக்கிற ஊர் போரரெய்க். அங்கே எப்போது போவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பலரும் கோட்டை விடுவது இதில்தான். ஜூலை, ஆகஸ்ட்டில் பெரணி இடுப்பளவு வளர்ந்து பாதிச் சுவர்களை மூடிவிடும், போதாததற்கு மிட்ஜ் பூச்சிகள் முகத்தில் மொய்க்கும், உண்ணி காலில் ஏறும். ஏப்ரலில் போங்கள். பழைய பெரணி காய்ந்து படுத்துக் கிடக்கும், பகலும் நீளம்.

பிராட்ஃபோர்டிலிருந்து எல்கோல் போகும் சாலையில், கூரையில்லாத கில்கிறிஸ்ட் தேவாலயத்தின் அருகே காரை விட்டுவிட்டு நடக்கத் தொடங்குங்கள். ஒரு காலத்தில் சலவைக்கல் ஏற்றிப்போன ரயில்பாதையின் தடத்தில் ஏறி, மறுபுறம் கடலை நோக்கி இறங்கினால் ஊர் வந்துவிடும். அங்கிருந்து கரையோரமாக மேற்கே சுயிஸ்னிஷ், அப்புறம் காமஸ் மாலக், டாரின் வழியாகத் திரும்பினால் மொத்தம் சுமார் 16 கிலோமீட்டர், ஆறு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். வழியில் சேறு அதிகம், நல்ல பூட்ஸ் கட்டாயம் வேண்டும்.

ஊரைக் காட்டிக்கொடுப்பது பச்சை நிறம். சுற்றிலும் பழுப்புப் புதர், நடுவில் கண்ணைப் பறிக்கிற புல். மண்வாகு ஒரு காரணம்தான், ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சாணமும் கடற்பாசியும் போட்டு உழைத்த கைகளும் அதில் இருக்கின்றன. காஞ்சொறி அடர்ந்த இடம் தெரிந்தால் அங்கே நில்லுங்கள், மனிதரும் மாடும் குடியிருந்த மண்ணில் அது விரும்பி வளரும்.

இப்போது ஒரு வீட்டுக்குள் போகலாம். சுவர் இரட்டைச் சுவர். சாந்தில்லாமல் அடுக்கி, நடுவில் மண் நிரப்பியிருப்பார்கள். வெளிமூலையைக் கையால் தடவிப் பாருங்கள், கூர்மையாக இருக்காது, காற்று முட்டாமல் வழுகிப் போகட்டும் என்று உருட்டிக் கட்டியிருப்பார்கள். இந்த மாதிரி வீடுகளில் அடுப்பு தரையின் நடுவில், மாடும் பெரும்பாலும் அதே கூரையின் கீழ். தயவுசெய்து சுவர்மேல் ஏறாதீர்கள், ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள். பிடிமானம் ஒன்றுமில்லை, ஒன்று போனால் வரிசையே சரியும்.

பலர் இத்தோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். வெயில் சாய்கிற நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் நிலத்தைக் குனிந்து பாருங்கள், புல்லுக்கடியில் அலை அலையாக மேட்டுப்பாத்திகள் தெரியும், ஒவ்வொன்றும் மண்வெட்டியால் கிளறி உருளைக்கிழங்கு நட்ட இடம். 1846-இல் நோய் வந்து கிழங்கு அழுகியது. 1853-இல் மெக்டொனால்ட் பிரபுவின் பண்ணை நிர்வாகம் ஆடு மேய்க்க நிலம் வேண்டும் என்று போரரெய்க், சுயிஸ்னிஷ் இரண்டு ஊரையும் காலி செய்தது.

நான் சொன்ன திசையிலேயே சுற்றுங்கள், போரரெய்க் முதலில், சுயிஸ்னிஷ் பிறகு. சுயிஸ்னிஷ் மக்கள் வடக்கே வெளியேறியதைப் நிலவியலாளர் ஆர்ச்சிபால்ட் கீக்கி இளைஞராக இருந்தபோது நேரில் பார்த்தார். நடக்க முடியாத கிழவர்கள் வண்டியில், பிள்ளைகள் பக்கத்தில் நடந்தபடி, அவர்கள் எழுப்பிய அழுகுரல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டதாக எழுதியிருக்கிறார். நீங்கள் திரும்பி நடப்பதும் அவர்கள் போன அதே வடதிசையில்தான்.