பயிற்சிப் பயணத்துக்கு ஊடக அனுசரணை பிடிப்பது எப்படி? வாகரை முதல் பொத்துவில் வரை

பத்துப் பயிற்றுநர்கள், இரண்டு வான் வண்டி, ஐந்து நாள். இலங்கையின் கிழக்குக் கரையில், வாகரையில் தொடங்கிப் பொத்துவிலில் முடியும் இலவச கிரிக்கெட் பயிற்சிப் பயணம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மட்டையும் பந்தும் எப்படியோ சேர்ந்துவிடும், செய்தி வெளிவருவதுதான் பெரும்பாடு. ஊடகத்தின் இலச்சினையை நாம் காட்ட, அது நம் செய்தியை வெளியிடும் ஏற்பாடுதான் ஊடக அனுசரணை. புறப்பட ஒரு வாரம் இருக்கையில் எல்லா ஆசிரியபீடத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிவிட்டு, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று குறைப்பட்டுப் பயனில்லை. எட்டு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

1. நாள் பாருங்கள்

நவம்பர் முதல் ஜனவரி வரை வேண்டாம். மாரி மழையில் மைதானம் குளமாகிவிடும், நிருபர்களும் வெள்ளச் செய்திக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் விளையாட்டுப் பக்கத்தை நிரப்பிவிடும். காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்று போகும் நாள் வெள்ளியானால் ஜும்ஆத் தொழுகை நேரத்தை விட்டுவிடுங்கள். நோன்பு மாதத்தில் பிள்ளைகளை வெயிலில் ஓடவிடவே கூடாது.

2. முதலில் அனுமதி

மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் ஐந்து கல்வி வலயங்கள்: மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு. வாகரைப் பாடசாலைக்குக் கல்குடா வலயத்திலும், கொக்கட்டிச்சோலைக்கு மேற்கு வலயத்திலும் அனுமதி கேட்க வேண்டும். அம்பாறைப் பக்கம் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று அவை தனி. வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதும் கடிதத்திலேயே "ஊடகவியலாளர்கள் படம் எடுப்பர்" என்ற வரி இருக்கட்டும். இல்லாவிட்டால் அன்று காலை அதிபர் கெமராக்காரரை வாசலில் நிறுத்துவார். அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது.

பெற்றோரிடம் படத்துக்கான சம்மதக் கையொப்பம் தனியாக வாங்குங்கள். சம்மதம் கிடைக்காத பிள்ளைகளின் கையில் நாடா கட்டி அடையாளப்படுத்த வேண்டாம். அவர்களைச் சம்மதம் உள்ள சிலரோடு சேர்த்து ஒரே பயிற்சிக் குழுவில் விட்டு, அந்த மூலைக்குக் கெமரா போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

3. யாரைப் பிடிப்பது

வீரகேசரி, தினகரன், தினக்குரல், வானொலி என்றால் சக்தி, சூரியன், வசந்தம், தென்றல். அம்பாறைக் கரையோரத்துக்குப் பிறை எப்.எம். இருக்கிறது. ஆனால் கொழும்புத் தலைமையகத்துக்கு எழுதுவதற்கு முன், உங்கள் மைதானம் இருக்கும் ஊரின் பிராந்திய நிருபரைக் கண்டுபிடியுங்கள். இந்த வேலையின் அச்சாணி அவர்தான். பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரைக் கேட்டால் இலக்கம் கிடைக்கும்.

ஒரே நிருபர் இரண்டு மூன்று ஊடகங்களுக்கு எழுதுவது இங்கே வழமை. "செய்தி உங்களுக்கு மட்டும்தான்" என்று ஒரு பத்திரிகைக்கு வாக்குக் கொடுத்தால் முதலில் மாட்டுப்படுவது அவர். ஆகவே பிரத்தியேக உரிமையை இலச்சினைக்கு மட்டும் கொடுங்கள்: பெனரில் ஒரு பத்திரிகை, ஒரு வானொலி, ஒரு தொலைக்காட்சி. செய்தி எல்லாருக்கும் போகட்டும். பலர் வழுக்கி விழும் இடம் இது, எனவே கடிதத்தில் எழுத்திலேயே வையுங்கள்.

4. கொடுக்கல் வாங்கல் கடிதம்

ஏ4 ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். நீங்கள் கொடுப்பது: ஐந்து மைதானத்திலும் எட்டுக்கு நான்கு அடிப் பெனரில் இலச்சினை, பயிற்றுநர் ரீ சேர்ட்டின் கையில் இலச்சினை, தினமும் ஐந்து படங்கள், ஒரு நேர்காணல். நீங்கள் கேட்பது: முன்னறிவித்தல் 2, பயண நாட்களில் செய்தி 3, முடிந்தபின் வாரப் பதிப்பில் அரைப் பக்கக் கட்டுரை 1. எண்ணிக்கை இல்லாத "பூரண ஒத்துழைப்பு" ஒரு வரிச் செய்தியோடு முடிந்துவிடும். வாரப் பதிப்பின் உட்பக்கங்கள் வார நடுவிலேயே கட்டப்பட்டுவிடும் என்பதால், கட்டுரையைத் திங்களன்றே கொடுங்கள்.

பெனருக்கு ஒரு குறிப்பு: ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடித்தால் அது பாய்மரமாகிவிடும். கயிறு கோக்க ஓரத்தில் இரண்டு அடிக்கு ஒரு வளையம் போடச் சொல்லுங்கள், கயிற்றையும் நீங்களே கொண்டுபோங்கள்.

5. செய்திக்குறிப்பு

நம் பக்கத்துச் செய்திக்குறிப்புகளுக்கு ஒரு தீராத வியாதி உண்டு:

"இந்நிகழ்வில் பிரதம அதிதியாக..., கௌரவ அதிதிகளாக..., விசேட அதிதிகளாக..."

பன்னிரண்டு பெயர் முடிந்த பிறகும் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று தெரியாது. இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

"வாகரையில் 60 மாணவர்களுக்கு இலவச கிரிக்கெட் பயிற்சி சனிக்கிழமை காலை 7 மணிக்கு ஆரம்பமாகிறது. இவர்களில் 25 பேர் மாணவிகள்."

எண்ணிக்கையை உங்கள் பதிவேட்டில் இருந்து எடுங்கள். அதிதிகள் கடைசிப் பந்தியில் இருக்கட்டும். "பின்தங்கிய கிராமத்து ஏழைச் சிறுவர்கள்" என்று எழுதாதீர்கள். அடுத்த நாள் அந்தப் பிள்ளைகளே அதை வாசிப்பார்கள்.

எழுத்துருவில் கவனம் வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய குறிப்பை யுனிகோட்டில் வேலை செய்பவர் திறந்தால் "அம்மா" என்ற சொல் "mk;kh" போன்ற கிறுக்கலாகத் தெரியும். யுனிகோட்டில் தட்டி, மின்னஞ்சலின் உள்ளேயே ஒட்டி, வேர்ட் கோப்பையும் இணையுங்கள். பிடிஎஃப் மட்டும் அனுப்பினால் பிரதி எடுக்கையில் எழுத்துக்கள் உடையும், நிருபர் திரும்பத் தட்டத் தயாராக இருக்கமாட்டார். அம்பாறை நகருக்குச் சிங்களப் பிரதியும் வேண்டும். சிங்களம் தாய்மொழியான ஓர் ஆசிரியரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

6. படமும் குரலும்

காலை ஆறரை முதல் எட்டரை, மாலை நாலு மணிக்குப் பிறகு: இந்த இரண்டு வேளையில் மட்டும் எடுங்கள். நண்பகலில் தொப்பி விளிம்பின் நிழல் விழுந்து முகம் கரியாகிவிடும், அச்சில் அது இன்னும் கறுக்கும். வரிசையாக நின்று சான்றிதழ் வாங்கும் படம் ஒன்று போதும். மீதி நாலும் மட்டை சுழலும் கை, பந்தைப் பார்க்கும் கண் என்று கிட்ட நின்று எடுத்தவையாக இருக்கட்டும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். பெரியவர்களின் பெயரை "இடமிருந்து வலமாக" என்று எழுதுங்கள். பிள்ளைகளின் முழுப்பெயரும் முகவரியும் வேண்டாம், பாடசாலையின் பெயர் போதும்.

வானொலி நேரலைக்கு மைதானத்தில் நின்று பேசினால் காற்றிரைச்சல்தான் ஒலிபரப்பாகும். வானுக்குள் ஏறி, கண்ணாடியை மூடி, ஏசியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். வியர்க்கும், ஐந்து நிமிடம்தானே.

7. பயண நாட்களில்

ஒருவர் இந்த வேலைக்கு மட்டும். பயிற்சியும் கொடுத்துப் படமும் எடுக்கிறேன் என்பவர் இரண்டையும் கெடுப்பார். அன்றைய செய்தியும் படங்களும் மாலை ஐந்துக்கு முன் நிருபர் கையில் இருக்க வேண்டும். பெயர் பிழையாக வந்தால் ஆசிரியபீடத்துக்கு எழுதுவதற்கு முன் நிருபருக்கே சொல்லுங்கள்.

செய்தி வந்த அன்று காலையிலேயே பத்துப் பிரதி வாங்கிவிடுங்கள். அனுசரணையாளர் கோப்புக்கு இரண்டு, நிருபருக்கு ஒன்று. மீதியை வெட்டி லெமினேட் செய்து, எந்தப் பாடசாலை படத்தில் இருக்கிறதோ அந்த அதிபரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.