எஸ்டி, ஜாவா சைலன்சர் நட்டுக்கு ஒரு கொக்கி ஸ்பேனர்: செய்வதும் பயன்படுத்துவதும்

பழைய எஸ்டி 250 மோட்டார் சைக்கிள் எதை எடுத்தாலும், புகைக் குழாயைச் சிலிண்டரோடு பிடித்திருக்கும் சைலன்சர் நட்டைப் பாருங்கள். வட்ட நட்டின் விளிம்பில் உள்ள பள்ளங்களில் பாதி சிதைந்திருக்கும். உளியும் சுத்தியலும் செய்த வேலை அது. இந்த வண்டிகளைச் செய்த, மைசூரில் 1961-ல் தொடங்கிய ஆலை 1996-ல் மூடப்பட்டுவிட்டது. அந்தக் கால நட்டு நல்ல நிலையில் இருந்தால் அதைக் காப்பாற்றுவதுதான் புத்திசாலித்தனம். அதற்குத் தேவை கையளவு கொக்கி ஸ்பேனர் ஒன்றுதான்.

செட்டிநாட்டில் இந்த வண்டிகள் பல, பெரிய வீடுகளில் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தவை. ஐப்பசி, கார்த்திகை ஈரம் மரையில் இறங்கித் துரு பிடித்திருக்கும். பொருந்தாத ஸ்பேனரை வைத்து இப்படிப்பட்ட நட்டைத் திருப்பினால் முதல் இழுப்பிலேயே பள்ளம் போய்விடும்.

ஸ்பேனருக்கு லாரி பட்டைத் (லீஃப் ஸ்பிரிங்) துண்டு நல்ல இரும்பு. 6 மி.மீ. தடிமன் போதும். அதைவிடத் தடித்தால் சிலிண்டரைச் சுற்றியுள்ள, சூடு தணிக்கும் துடுப்பில் இடிக்கும். பட்டையை அப்படியே அறுக்க முடியாது, பிளேடுதான் தேயும். உலையில் நன்றாகச் சிவக்கக் காய்ச்சி, உமிச் சாம்பலுக்குள் புதைத்து ஓர் இரவு விடுங்கள். புதுவயல் அரிசி ஆலைப் பக்கம் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. உமிச் சாம்பல் சூட்டை மெல்லத்தான் விடும். காலையில் எடுத்தால் அரம் பிடிக்கிற அளவுக்கு இரும்பு இளகியிருக்கும்.

அளவெடுப்பதில்தான் ஸ்பேனரின் தரம் இருக்கிறது. நட்டின் வெளிவிட்டம், பள்ளத்தின் அகலம், ஆழம் மூன்றையும் வெர்னியரில் எடுங்கள். முதலில் அட்டையில் வெட்டி நட்டின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு இரும்புக்குப் போங்கள். உள்வளைவின் ஆரம் நட்டின் ஆரத்தைவிட அரை மி.மீ. மட்டும் கூடுதலாக இருக்கட்டும். வளைவு நட்டின் சுற்றில் மூன்றில் ஒரு பங்கைத் தழுவ வேண்டும். கொக்கி ஸ்பேனரில் பல் ஒரு முனையில் இழுக்கும். வளைவின் அடிப்பகுதி மறுபக்கம் நட்டை அழுத்தும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் திருப்பம். வளைவு அகன்றுபோனால் அழுத்தம் இல்லாமல் பல் தானாக மேலேறி வழுக்கும்.

பல்லின் அகலம் பள்ளத்தைவிட 0.3 மி.மீ. குறைவாக இருக்கட்டும். பள்ளம் 8 மி.மீ. என்றால் பல் 7.7. இழுக்கிற முகம் நட்டின் மையத்தை நோக்கி நேராக இருக்க வேண்டும். அந்த முகத்தை உருட்டி ராவிவிட்டால் எத்தனை பலமான கையானாலும் ஸ்பேனர் நழுவும். பின்பக்க மூலையை மட்டும் கொஞ்சம் ராவிவிடலாம். கைப்பிடி 200 மி.மீ. இருந்தால் வண்டியின் டூல் பாக்ஸில் அடங்கும். கூடுதல் பலம் வேண்டுமானால் கைப்பிடியில் பைப் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.

வடிவம் முடிந்ததும் பல்லையும் அதை ஒட்டிய 20 மி.மீ. பகுதியையும் காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்ச்சல் போடுங்கள். தண்ணீரில் போட்டால் வெடிப்பு விடும். பிறகு பளபளவென்று தேய்த்து, வளைவின் பின்பக்கத்திலிருந்து மெல்லச் சூடு காட்டுங்கள். வைக்கோல் நிறம், பழுப்பு என்று நகர்ந்து பல்லில் கத்தரிப்பூ நிறம் வந்ததும் நிறுத்துங்கள். இந்தப் பதம் கொடுக்காமல் விட்டால் கெட்டியாக இருக்கும், ஆனால் முதல் இறுகிய நட்டிலேயே பல் ஒடியும்.

இனி கழற்றுவது. ஒரே சிலிண்டர் என்றாலும் பெண்ட் பைப் (சிலிண்டரிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) இரண்டு, நட்டும் இரண்டு. ஊடுருவும் எண்ணெயை மரை ஓரத்தில் விட்டு இரண்டு இரவு ஊறவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தளத்தில் வண்டி நின்றால் அடியில் தகரத் தட்டு வைத்துவிடுங்கள், எண்ணெய்க் கறை அந்தக் கல்லில் இறங்கினால் போகாது. பின்பக்கச் சைலன்சர் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். பல்லைப் பள்ளத்தின் அடிவரை உட்கார வைத்து, பைப் பக்கமிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாக இழுங்கள். அசையாவிட்டால் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரமாக வைத்துவிட்டு, நட்டைச் சுற்றி இரண்டு நிமிடம் டார்ச் காட்டுங்கள். நட்டு விரிந்து மரை விடும். குரோம் கொஞ்சம் நீலம் பாயும், அதற்குத் தயாராக இருங்கள். தட்ட வேண்டியிருந்தால் பித்தளைத் துண்டு வைத்து நட்டின்மேல் மட்டும் தட்டுங்கள். வார்ப்பிரும்புத் துடுப்பில் ஓர் அடி பட்டாலும் துண்டாக விழும்.

பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள், கம்ப்ரசர் காற்று அடிக்கவே வேண்டாம். சிலிண்டரில் புகை வெளியேறும் துவாரத்தில் படிந்த கரியைச் சுரண்டும்போது பிஸ்டனைக் கீழிறக்காமல் துவாரத்தை மூடிய நிலையில் வையுங்கள், இல்லாவிட்டால் கரி சிலிண்டருக்குள் விழும். கம்பி பிரஷால் மரையைச் சுத்தம் செய்து, செம்பு கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள்.

மாட்டும்போது அவசரம் கூடாது. புதுப் பேக்கிங் வைத்து, நட்டைக் கையாலேயே மூன்று, நான்கு சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறாவிட்டால் மரை குறுக்கே பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி தொடங்குங்கள். பின்போல்ட் தளர்வாகவே இருக்கட்டும். நட்டை ஸ்பேனரால் இறுக்கிய பிறகுதான் அதை இறுக்க வேண்டும். முறை மாறினால் பைப் முறுக்கிலேயே நிற்கும். அதிர்வில் நட்டு தளரும், இல்லையேல் பிராக்கெட் அருகே பைப்பில் வெடிப்பு விடும்.

50 கி.மீ. ஓடிய பின் பேக்கிங் அமுங்கியிருக்கும். எஞ்சின் ஆறியதும் இரண்டு நட்டையும் மீண்டும் ஓர் இழுப்பு இழுங்கள். அதன் பிறகும் நட்டின் கீழே கறுப்பு எண்ணெய் கசிந்தால் இன்னும் இறுக்கிப் பயனில்லை. பேக்கிங் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, கழற்றி மாற்றுங்கள்.