எந்த வாசல்? வளைகுடாப் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

வேலை ஆணை கைக்கு வந்ததும் நம் ஆட்கள் சம்பளம் கேட்பார்கள், வீட்டு வாடகைப் படி கேட்பார்கள், வருஷத்துக்கு ஒரு டிக்கெட் உண்டா என்று கேட்பார்கள். 'எனக்கு வகுப்பு ஆண்கள் பக்கமா, பெண்கள் பக்கமா?' என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. சவூதியில் சேர்ந்த முதல் நாள், தாளில் இருந்த அறை எண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு வாசலை நோக்கி நடந்தேன். காவலர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார். அது மாணவிகள் வளாகம். என் வகுப்பு அங்கேதான் நடக்கிறது, ஆனால் நான் உள்ளே போகக் கூடாது. வேறொரு கட்டடத்தில் ஒரு சின்ன அறைக்குள் கேமரா முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்த வேண்டும். இது நடந்து பதினைந்து வருஷத்துக்கு மேலாகிறது.

அந்த ஏற்பாடு இப்படித்தான் இருந்தது. மாணவிகள் திரையில் என்னைப் பார்ப்பார்கள், நான் அவர்களைப் பார்க்க முடியாது. சந்தேகம் இருந்தால் மைக்கிலோ தொலைபேசியிலோ கேட்பார்கள். "புரிந்ததா?" என்றால் எங்கிருந்தோ ஒரு "நஅம்" (ஆமாம்) வரும். யார் சொன்னது, உண்மையிலேயே புரிந்ததா என்பதெல்லாம் விடைத்தாள் வந்த பிறகுதான் தெரியும். ஒரு பருவம் முழுக்கப் பாடம் எடுத்தும் ஒரு முகம்கூட எனக்குத் தெரியாது. குரலை வைத்துத்தான் நாலைந்து பேரை அடையாளம் கண்டுகொண்டேன். இன்றைக்கு ஆன்லைன் வகுப்பு எடுத்துப் பழகிய இளைஞர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. உங்களுக்கும் இப்படி ஒரு வகுப்பு வந்தால், அந்தப் பக்கம் இருக்கும் ஆசிரியை ஒருவரை முதல் வாரமே அறிமுகப்படுத்தித் தரச் சொல்லுங்கள். விடைத்தாள், வருகைப் பதிவு, ஆய்வகம், எல்லாம் அவர் கை வழியாகத்தான் நடக்கும். அவரோடு ஒத்துப்போகாவிட்டால் உங்கள் பருவம் போச்சு.

ஆனால் 'அரபு நாடு என்றாலே ஆண் பெண் தனித்தனி' என்று மூட்டை கட்டிக்கொண்டு வராதீர்கள். நாட்டுக்கு நாடு மாறும், ஒரே ஊருக்குள்ளும் மாறும். சார்ஜா பல்கலைக்கழக நகரத்துக்குப் போய்ப் பாருங்கள். சார்ஜா அமெரிக்கப் பல்கலைக்கழகம், சார்ஜா பல்கலைக்கழகம் இரண்டுமே 1997இல் தொடங்கியவை, இரண்டையும் தொடங்கியவர் சார்ஜா ஆட்சியாளர்தான். முதலாவதில் இருபாலரும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள், விடுதி மட்டும் தனி. பக்கத்திலேயே இருக்கும் இரண்டாவதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வளாகம். அல் ஐனில் 1976இல் தொடங்கிய அமீரகப் பல்கலைக்கழகமும் பிரித்தே நடத்திப் பழகியது. சாயித் பல்கலைக்கழகம் 1998இல் பெண்களுக்கென்றே ஆரம்பித்தது, ஆண்கள் பிறகுதான் வந்தார்கள். துபாயில் இருக்கும் பிட்ஸ், மணிப்பால் போன்ற நம் ஊர்க் கிளைகளில் இந்தப் பேச்சே கிடையாது.

கத்தாரிலும் இதே கதைதான். கத்தார் பல்கலைக்கழகத்தில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று உண்டு. அதே தோஹாவில் எஜுகேஷன் சிட்டிக்குள் கார்னகி மெலன், ஜார்ஜ்டவுன் மாதிரி அமெரிக்கக் கிளைகளில் எல்லோரும் சேர்ந்தே படிக்கிறார்கள். பஹ்ரைன் பல்கலைக்கழகம் கலப்புதான். எகிப்தில் கெய்ரோ பல்கலைக்கழகம் 1920களின் இறுதியிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்குள்ள இஸ்லாமியப் பல்கலைக்கழகமான அல் அஸ்ஹரில் மட்டும் பெண்களுக்குத் தனிக் கல்லூரிகள். மார்க்கக் கல்விக்காக அஸ்ஹருக்கும் மதீனாவுக்கும் போகும் நம் பிள்ளைகளுக்கு இது முன்பே தெரிந்திருக்கும்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு ஓமானுடையது. மஸ்கட் பக்கம் அல் கூதில் 1986இல் திறந்த சுல்தான் காபூஸ் பல்கலைக்கழகத்தில் வகுப்பு ஒன்றுதான். ஆனால் மாணவிகளுக்கு மேல்தளத்தில் தனி நடைபாதை, அறைக்குள் நுழையத் தனிக் கதவு. உள்ளே வந்ததும் அவரவர் வரிசையில் உட்கார்ந்துகொள்வார்கள். முதலில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு முன்னால் நம் ஊரையும் நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் எத்தனை தனியார் பொறியியல் கல்லூரிகளில் பையன்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு! கல்லூரிப் பேருந்தில் முன்பாதி, பின்பாதி. பேசினால் அபராதம் வேறு. மகளிர் கல்லூரியில் படித்த அக்காக்களுக்குப் பெண்கள் மட்டும் இருக்கும் வளாகம் புதிதும் அல்ல.

குவைத்தில் இது அரசியல். 1996இல் நாடாளுமன்றம் பல்கலைக்கழகத்தில் ஆண் பெண் பிரிக்கச் சட்டம் போட்டது. எப்படிப் பிரிப்பது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2023இல் பருவம் தொடங்கும் நேரத்தில் சட்டக் கல்லூரியின் கலப்பு வகுப்புகளை ரத்து செய்ததும் மாணவர்களே எதிர்த்துக் கூடினார்கள். இந்தப் பேச்சில் நீங்கள் தலையிட வேண்டாம். ஆசிரியர் அறையில் உங்கள் கருத்தைக் கேட்டாலும் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

சவூதியைப் பற்றிப் பழைய ஆட்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள், நான் சொல்வது உட்பட. 2009இல் ஜித்தாவுக்கு வடக்கே துவலில் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கலப்பு வகுப்புகளோடு திறந்தது. அதைக் குறை சொன்ன ஒரு மூத்த மார்க்க அறிஞரை மன்னர் தன் அறிஞர் குழுவிலிருந்தே நீக்கினார். அன்றைக்கு அதுதான் எங்கும் பேச்சு. 2016இல் மதக் காவலர்களின் கைது அதிகாரம் போயிற்று. 2018இல் பெண்கள் கார் ஓட்டத் தொடங்கினார்கள். 2019 டிசம்பரில் உணவகங்களில் 'சிங்கிள்ஸ்' (தனியாக வரும் ஆண்கள்), 'ஃபேமிலி' (பெண்கள், குடும்பங்கள்) என்று இரண்டு வாசல் வைக்க வேண்டிய கட்டாயமும் நீங்கியது. ஆண்களுக்கு மட்டுமே என்றிருந்த தஹ்ரானின் மன்னர் ஃபஹத் பல்கலைக்கழகம் 2021இல் இளங்கலைக்குப் பெண்களைச் சேர்த்தது. இதெல்லாம் நடந்தும், பல பல்கலைக்கழகங்களில் மாணவிகள் பகுதி இன்னும் தனியாகத்தான் இருக்கிறது. ரியாத்தில் இளவரசி நூரா பல்கலைக்கழகம் முழுக்கப் பெண்களுக்கானது. உள்ளேயே ஓட்டுநர் இல்லாத ரயில் ஓடும் அளவுக்குப் பெரிய வளாகம்.

சில சொற்களை வருவதற்கு முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள். 'ரிஜால்' ஆண்கள், 'நிஸா' பெண்கள். 'துல்லாப்' மாணவர்கள், 'தாலிபாத்' மாணவிகள். 'ஷத்ர் அத்தாலிபாத்' என்று பலகை இருந்தால் மாணவிகள் பகுதி, ஆண்கள் அங்கேயே நின்றுவிட வேண்டும். 'முக்தலத்' என்றால் கலப்பு. இந்தச் சொற்களின் அரபு எழுத்து வடிவத்தையாவது கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள், எல்லாப் பலகையிலும் ஆங்கிலம் இருக்காது. இன்னும் இரண்டு சொற்கள் முக்கியம்: 'இக்திலாத்', 'கல்வா'. முதலாவது ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் கலந்திருப்பது. அது கூடுமா, கூடாதா என்பதில் மார்க்க அறிஞர்களுக்குள்ளேயே நூறு கருத்து உண்டு. இரண்டாவது, உறவில்லாத ஓர் ஆணும் பெண்ணும் மூடிய அறையில் தனித்திருப்பது. இது கூடாது என்பதில் கருத்து வேறுபாடே கிடையாது. முழுக்கக் கலப்பாக நடக்கும் இடத்திலும் மாணவி உங்கள் அறைக்கு வந்தால் கதவைத் திறந்தே வையுங்கள். முடிந்தால் இரண்டு பேராக வரச் சொல்லுங்கள்.

ஆண்களுக்கு இன்னும் கொஞ்சம். ஒரு பெண் கை நீட்டினால் குலுக்கலாம், நீங்களாக நீட்டாதீர்கள். கையை நெஞ்சில் வைத்து ஸலாம் சொன்னால் போதும். சக ஆசிரியரின் மனைவி பெயரைக் கேட்காதீர்கள். 'வீட்டில் எல்லோரும் சுகமா' என்று பொதுவாகக் கேட்பதுதான் மரியாதை. வளாகத்தில் செல்ஃபி எடுக்கும்போது பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு பெண்ணின் முகம் அனுமதி இல்லாமல் விழுந்துவிட்டால் விஷயம் போலீஸ் வரைக்கும் போகலாம்.

பெண்களுக்கு உள்ளே நிலைமை வேறு, வெளியில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. என் மனைவி அந்த மதிலுக்குள் நான்கு வருஷம் வேலை பார்த்தாள். வாசலைத் தாண்டியதும் அபாயாவை (உடைக்கு மேல் போடும் கறுப்பு அங்கி) கழற்றி மாட்டிவிடுவார்களாம். அப்புறம் ஜீன்ஸ், விதவிதமான முடி வெட்டு, சத்தமான சிரிப்பு. காவலர், நூலகர், துறைத்தலைவர் எல்லோரும் பெண்கள். ஏசி பழுதுபார்க்க ஆண் யாராவது வந்தால் முன்கூட்டியே அறிவிப்பு வரும், எல்லோரும் அபாயாவைத் தேடி ஓடுவார்கள். "ஆம்பளை இல்லாத மீட்டிங் சீக்கிரம் முடியுது" என்பாள். அதே அவள்தான், முக்கிய முடிவெல்லாம் ஆண்கள் வளாகத்தில் எடுத்துவிட்டுத் தங்களுக்குக் கடிதம் மட்டும் வருகிறது என்று புலம்பியதும். இரண்டும் உண்மைதான். பிரித்து வைத்ததால் பெண்கள் படிக்காமல் போய்விடவில்லை. வளைகுடாவின் பல பல்கலைக்கழகங்களில் மாணவிகள்தான் அதிகம். ஆனால் நல்ல ஆய்வகமும் பெரிய நூலகமும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மருத்துவம் படிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: மருத்துவமனைப் பயிற்சிக்குப் போனால் நோயாளிகளும் மருத்துவர்களும் இருபாலர்தான், அங்கே மதில் கிடையாது.

மகளை விடுதியில் சேர்க்கும் பெற்றோர் வெளியே போகும் அனுமதி பற்றிக் கேளுங்கள். பல பெண்கள் விடுதிகளில் அப்பா அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. அப்பா ஊரில் இருந்தால் யார் கையெழுத்துப் போடுவது, சித்தப்பா வந்து அழைத்துப் போகலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்களும் கவனியுங்கள்: சவூதியின் இந்தியப் பள்ளிகளில் ஆண், பெண் பிரிவுகள் தனி, சார்ஜாவிலும் இப்படிப் பிரித்து நடத்தும் இந்தியப் பள்ளி உண்டு. அண்ணனுக்கும் தங்கைக்கும் இரண்டு வாசல், சில சமயம் இரண்டு பேருந்து.

அழைத்துவரப் போகும் அப்பாக்கள், வண்டியை வாசலுக்கு நேராக நிறுத்தாதீர்கள். கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு, எந்த வாசல் எண், எந்த நிறக் கார் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இரண்டு மணிக்கு ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கறுப்பு அபாயா வெளியே வரும். நீங்கள் மகளைத் தேடுவதைவிட அவள் உங்களைத் தேடுவது சுலபம்.