ஒன்ராறியோவில் பி.எஸ்.டபிள்யூ படிக்கப் போகிறீர்களா? முதலில் ஊசி அட்டையைத் தேடுங்கள்

"அக்கா, பி.எஸ்.டபிள்யூ படிக்கப் போறன். எந்தப் பள்ளிக்கூடம் நல்லது?" மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். பி.எஸ்.டபிள்யூ என்றால் பேர்சனல் சப்போர்ட் வேர்க்கர்: முதியோரையும் நோயாளரையும் கழுவி, உடுப்பு மாற்றி, அன்றாடம் பராமரிக்கிறவர். "சின்ன வயசில ஊசி போட்ட அட்டை கையில இருக்கோ?" என்று நான் திருப்பிக் கேட்டால், சம்பந்தமில்லாமல் கதைக்கிறேன் என்று நினைக்கிறார்கள். வகுப்பில் எல்லாப் பாடமும் சித்தியடைந்த நான் அந்த அட்டை இல்லாததால் இரண்டு மாதம் பின்தங்கினேன். என்னோடு படித்த தமிழ்ப் பெண்கள் எல்லோரும் எனக்கு முன்னால் வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த இரண்டு மாதம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எப்படி விண்ணப்பப் படிவம் நிரப்புவது, எப்படி ஸ்காபரோவிலிருந்து பஸ் எடுப்பது என்பதெல்லாம் இதில் இல்லை. அது உங்களுக்கே தெரியும்.

எடுக்கப்போவது என்ன சான்றிதழ்?

நர்ஸ்மாருக்கு இருப்பதுபோல பி.எஸ்.டபிள்யூவுக்கு ஒன்ராறியோவில் லைசென்ஸ் கிடையாது. "லைசென்ஸ் எடுத்துத் தாறம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள். நீங்கள் எடுப்பது படிப்பை முடித்ததற்கான சான்றிதழ். முதியோர் வாழும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வேலைக்குச் சேர, வகுப்பும் நேரடிப் பயிற்சியுமாகக் குறைந்தது 600 மணித்தியாலம் படித்திருக்க வேண்டும் என்பது மாகாணத்தின் விதி. விலக்குகள் சில உண்டு. ஆனால் விலக்கை நம்பி வேலை தேட வேண்டாம்.

இதற்குமேல் இன்னொன்றும் வந்திருக்கிறது. 2024 டிசம்பர் 1 முதல் மாகாணத்தின் சுகாதார, ஆதரவுப் பராமரிப்பு வழங்குநர் மேற்பார்வை ஆணையம் பி.எஸ்.டபிள்யூக்களைப் பதிவு செய்கிறது. பதிவு கட்டாயமில்லை, விரும்பியவர்கள் சேரலாம். நான் சேரத்தான் சொல்வேன். தங்கள் அம்மாவைப் பார்க்க வருகிறவர் யார் என்று ஒரு குடும்பம் பெயரைத் தேடிப் பார்க்க முடிவது நல்ல விஷயம். சங்கங்கள் காசு வாங்கிக்கொண்டு தரும் உறுப்பினர் அட்டை வேறு, இந்தப் பதிவு வேறு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

பி.எஸ்.டபிள்யூ என்ற பெயர் ஒன்ராறியோவில் புழங்குவது. அல்பேர்ட்டாவில் இதே வேலைக்கு ஹெல்த் கெயார் எய்ட் என்று பெயர், பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஹெல்த் கெயார் அசிஸ்டன்ட். இங்கே எழுதுவது ஒன்ராறியோவுக்கு மட்டும்.

படி 1: ஊசியும் ரத்தமும்

வகுப்பில் சேருவதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள். பிளேஸ்மென்ட், அதாவது இல்லத்தில் நேரடிப் பயிற்சி, இல்லாமல் சான்றிதழ் இல்லை. சுகாதாரப் படிவம் நிரம்பாமல் பிளேஸ்மென்ட் இல்லை. அந்தப் படிவத்தில் சாதாரணமாகக் கேட்பவை: தட்டம்மை, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்த எம்.எம்.ஆர்., கொப்பளிப்பான், ஹெப்பற்றைற்றிஸ் பி, ஏற்பு ஊசி, இரண்டு கட்டக் காசநோய்ப் பரிசோதனை. காய்ச்சல் ஊசி, கோவிட் ஊசியையும் சில இடங்களில் கேட்பார்கள்.

எங்களில் பலரிடம் ஊர் அட்டை இல்லை. இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போனது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். குடும்ப வைத்தியரிடம் போய், நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். எம்.எம்.ஆருக்கும் கொப்பளிப்பானுக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பிக்கும் அந்த அறிக்கை அட்டைக்குப் பதிலாகச் செல்லும். எனக்கு ஒன்பது வயதில் அம்மாள் வருத்தம் வந்து வேப்பிலை விரித்துப் படுத்தது நினைவிருந்தது. வாயால் சொன்னால் இங்கே ஏற்கமாட்டார்கள், ரத்தம்தான் சாட்சி சொன்னது. ஹெப்பற்றைற்றிஸ் பி ஊசி புதிதாகப் போடுவதென்றால் வழக்கமான மூன்று ஊசியும் முடிய ஆறு மாதம் எடுக்கும். முன்பே தொடங்கச் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

இனி நான் விழுந்த குழி. காசநோய்த் தோல் பரிசோதனை இரண்டு தடவை செய்ய வேண்டும். முன்கையின் உட்பக்கத்தில், தோலுக்குள்ளேயே மிகக் கொஞ்ச மருந்து ஏற்றுவார்கள். நுளம்பு கடித்ததுபோல ஒரு சின்னப் பொக்குளம் எழும்பி அடங்கும். 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் அதே இடத்துக்குத் திரும்பப் போனால், நர்ஸ் விரலால் தடவி, தடிப்பு இருந்தால் மில்லிமீற்றரில் அளந்து எழுதுவார். வாசிப்பு என்பது இதுதான். சிவப்பை அளப்பதில்லை, தடிப்பைத்தான் அளப்பார்கள். அது இல்லையென்றால் ஒன்றிலிருந்து நான்கு கிழமைக்குள் மறுபடியும் அதே ஊசி, மறுபடியும் அதே வாசிப்பு.

எனக்கு முதல் வாசிப்பு சரியாக முடிந்தது. எம்.எம்.ஆர். போட்டதற்கு அட்டை இல்லை என்பதால், "வந்ததுதானே, எம்.எம்.ஆர். ஊசியையும் போட்டுவிடுவம்" என்றார்கள். நானும் ஒரு வேலை முடிந்தது என்று சந்தோஷமாகக் கையை நீட்டினேன். எம்.எம்.ஆர். உயிருள்ள, பலமிழக்கச் செய்த கிருமி கொண்ட ஊசி. அதைப் போட்டால் காசநோய்ப் பரிசோதனைக்கு நான்கு கிழமை பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிவு பிழையாக வரலாம். கொப்பளிப்பான் ஊசியும் அதே வகை. இரண்டாவது பரிசோதனைக்குப் போனபோதுதான் அங்கிருந்த நர்ஸ் நாட்காட்டியைக் காட்டி விளங்கப்படுத்தினார். நான்கு கிழமை கழிந்தபோது என் வகுப்பு பிளேஸ்மென்ட்டுக்குப் போய்விட்டது. அடுத்த குழுவுக்குக் காத்திருந்தேன்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் ரத்தப் பரிசோதனை, அடுத்து காசநோய்ப் பரிசோதனை இரண்டும், அதன் பிறகு எம்.எம்.ஆரும் கொப்பளிப்பானும். அவசரமென்றால் முதல் காசநோய் ஊசி போடும் அதே நாளில் எம்.எம்.ஆரையும் போடலாம். ஆனால் இரண்டாவது பரிசோதனைக்கு நான்கு கிழமை என்ற கணக்கு அப்போதும் வரும்.

வியாழக்கிழமை காசநோய் ஊசி போடவே போகாதீர்கள். வாசிக்கும் நாள் சனியும் ஞாயிறுமாக வரும், கிளினிக் பூட்டிக் கிடக்கும். 72 மணித்தியாலம் தாண்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தடிப்பு பெரிதாக வந்தால் பயப்பட வேண்டாம். கிருமி உடம்பில் உறங்கிக் கிடக்கலாம் என்பதுதான் அதன் அர்த்தம், உங்களுக்குக் காசநோய் என்பதல்ல. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, வைத்தியர் எழுதித் தரும் கடிதத்தோடு பிளேஸ்மென்ட் போகலாம். ஒருமுறை பொசிட்டிவ் வந்தவர் அந்தத் தோல் ஊசியை மறுபடி போடவே கூடாது. "ஊரில பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசி போட்டிருக்கு, தோள்ல தழும்பு இருக்கு, எனக்கு இந்த ரெஸ்ற் தேவையில்லை" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. பி.சி.ஜி. போட்டவரும் பரிசோதனை செய்யத்தான் வேண்டும்.

படி 2: பள்ளிக்கூடம்

மூன்று வாசல் இருக்கிறது: கல்விச்சபைகளின் வளர்ந்தோர் கல்விப் பிரிவு, அரச கல்லூரி, தனியார் தொழிற்கல்லூரி. ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபை போன்றவை முதல் வகை, சென்ரெனியல், செனெக்கா போன்றவை இரண்டாவது. மூன்று வகைக்கும் மாகாணம் வகுத்த ஒரே பாடத்தரம்தான். என் விருப்பம் கல்விச்சபை. செலவு ஆகக் குறைவு. என்னோடு படித்தவர்களும் என் வயதுப் பெண்கள்தான். வரிசை நீளமாக இருந்தால் கல்லூரி. அவசரமாக முடிக்க வேண்டியவர்களுக்குத் தனியார் கல்லூரி.

தனியாரில் சேர்ந்தால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். கல்லூரி பதிவு பெற்றிருந்தால் மட்டும் போதாது, இந்தப் படிப்புக்கே தனியாக அனுமதி இருக்க வேண்டும். மாகாணத்தின் இணையத்தளத்தில் கல்லூரியின் பெயரைப் போட்டால் இரண்டும் தெரியும். ஒப்பந்தத்தின் பிரதி கைக்கு வந்த இரண்டு நாளுக்குள் எழுத்தில் மறுத்தால் கட்டிய காசு முழுவதும் திரும்ப வர வேண்டும், சட்டம் அப்படி. பிரதி தராமல் கையெழுத்து மட்டும் கேட்டால் பேனாவைக் கீழே வையுங்கள்.

"முழுக்க ஒன்லைன்" என்று விளம்பரம் பார்த்தால், பிளேஸ்மென்ட் எங்கே, எத்தனை மணித்தியாலம், யார் ஒழுங்குசெய்வது என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் பதில் எழுத்தில் வராவிட்டால் வேண்டாம்.

படி 3: பொலிஸ் பரிசோதனை, சி.பி.ஆர்., முகக்கவசம்

பொலிஸ் பரிசோதனையை மட்டும் முந்திச் செய்ய வேண்டாம். குறிப்பிட்ட மாதங்களுக்குள் எடுத்ததைத்தான் பிளேஸ்மென்ட் இடங்கள் ஏற்கும், வகுப்பு தொடங்கிய பிறகு பள்ளி சொல்லும்போது எடுங்கள். கேட்க வேண்டியது பலவீனமானோருடன் வேலை செய்வதற்கான பரிசோதனை (வல்னரபிள் செக்டர் செக்), சாதாரணக் குற்றப் பதிவுப் பரிசோதனை செல்லாது. குடியிருக்கும் ஊரின் பொலிஸில்தான் எடுக்க வேண்டும்: மார்க்கம் என்றால் யோர்க், ஏஜக்ஸ் என்றால் டூராம்.

எங்கள் பெயர்கள் இங்கே சிக்கல் தரும். ஒரு அட்டையில் அப்பாவின் பெயர் முன்னுக்கு, இன்னொன்றில் கணவரின் பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டு. முன்பு பாவித்த பெயர் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதுங்கள். சிலரைக் கைரேகைக்குக் கூப்பிடுவார்கள். கேட்டதும் அழுத ஒரு தங்கச்சியை எனக்குத் தெரியும். பாலும் பிறந்த திகதியும் பழைய பதிவு ஒன்றோடு ஒத்துப்போனால் யாரையும் கூப்பிடுவார்கள், குற்றம் சாட்டுவதாக அர்த்தமில்லை. சில கிழமை கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

சி.பி.ஆரும் (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முறை) முதலுதவியும்: எந்த லெவல் என்று பள்ளியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். பொம்மையின் நெஞ்சை அழுத்தாமல் திரையைப் பார்த்து மட்டும் முடித்த சான்றிதழுக்குக் காசு கட்ட வேண்டாம். என்95 முகக்கவசப் பொருத்தத்துக்குத் தலையில் ஒரு மூடியைப் போட்டு உள்ளே கசப்பான ஸ்பிரே அடிப்பார்கள். கசப்பு நாக்கில் தெரிந்தால் கவசம் பொருந்தவில்லை. ஆண்கள் தாடியை மழித்துவிட்டுப் போங்கள்.

படி 4: வகுப்பும் கையும்

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். செக்கன் முள்ளுள்ள மலிவான மணிக்கூடு, நாடித்துடிப்பு எண்ண. ஸ்மார்ட் மணிக்கூட்டை நான் விரும்பவில்லை, கண் நோயாளியை விட்டுத் திரைக்குப் போகிறது. வழுக்காத, முன்பக்கம் மூடிய சப்பாத்துக்குக் காசு பார்க்காதீர்கள், எட்டு மணித்தியாலம் நிற்கப்போவது நீங்கள். காப்பு கழற்ற வேண்டும். தாலிக்கொடியை நான் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போகிறேன். மறதிநோய் உள்ளவர் பயத்தில் கைக்கு எட்டியதை இறுகப் பிடிப்பார், கழுத்தில் தொங்குவது அவருக்கும் ஆபத்து எனக்கும் ஆபத்து.

செய்முறைப் பரீட்சையில் அதிகம் பேர் பிழைவிடுவது உடுப்பு மாற்றுவதில். பாரிசவாதத்தில் ஒரு கை விழுந்தவருக்குச் சேர்ட் போடும்போது பலவீனமான கையை முதலில் விட வேண்டும். கழற்றும்போது அந்தக் கை கடைசி. நான் மகனைச் சோபாவில் இருத்தி, "வலது கையை அசைக்காதை" என்று சொல்லிப் பத்துத் தடவை பழகினேன். நல்ல கையை முதலில் விட்டால் என்ன நடக்கும் என்று அப்போதுதான் கண்டேன்: துணி இறுகி, விழுந்த கையைப் பின்னுக்கு முறுக்கித்தான் நுழைக்க வேண்டியிருந்தது. மகன் "ஆ" என்றான். பாரிசவாதக்காரர் சிலருக்கு அந்த "ஆ" கூட வராது.

முகம் கழுவும்போது கண்ணை மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள், ஒரு கண்ணுக்குப் பாவித்த துணியின் பக்கத்தை மற்றக் கண்ணுக்குப் பாவிக்க வேண்டாம். எதைச் செய்வதற்கு முன்பும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ஆங்கிலத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு: கடினம் பேச்சில் இல்லை, குறிப்பு எழுதுவதில். "கோபமாக இருந்தார்" என்று எழுதினால் எங்கள் ஆசிரியை சிவப்பால் வெட்டுவார். "தேநீர்க் கோப்பையைத் தள்ளினார், இரண்டு தடவை வேண்டாம் என்றார்" என்று எழுத வேண்டும். கண்டதை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள். தினமும் ஐந்து வரி வீட்டில் எழுதிப் பழகினால் இது வந்துவிடும்.

படி 5: பிளேஸ்மென்ட்டும் வேலையும்

படிப்பில் ஏறக்குறையப் பாதி இங்கேதான். வழமையாக முதலில் பராமரிப்பு இல்லம், பிறகு வீட்டுப் பராமரிப்பு. ஆளைத் தூக்கும் லிஃப்டைத் தனியாக இயக்கும்படி யார் அவசரப்படுத்தினாலும் மாட்டேன் என்று சொல்லுங்கள், இரண்டு பேர் வேண்டும்.

நான் பயின்ற இல்லத்தில் ஒரு தமிழ் அம்மா இருந்தார். ஆங்கிலம் தெரிந்தவராம், மறதிநோய் வந்து தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது. காலையில் யாரையும் கிட்ட விடமாட்டார், குளிக்க மறுக்கிறார் என்று கோப்பில் இருந்தது. "அம்மா, வெந்நீர் வச்சிருக்கிறன், முகம் கழுவுவமோ?" என்றேன். "முதல்ல தேத்தண்ணி தா பிள்ளை" என்றார். தேநீர் குடித்த பிறகு தானாகவே கையை நீட்டினார். தமிழ் தெரிந்த பி.எஸ்.டபிள்யூக்கள் இந்த நகரத்தில் இன்னும் வேண்டும் என்று நான் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வதற்கு அவர்தான் காரணம்.

சம்பளம் பற்றி ஒரு வரி: 2022இல் நிரந்தரமாக்கப்பட்ட மாகாண உயர்வு இல்லங்களிலும் வீட்டுப் பராமரிப்பிலும் மணித்தியாலத்துக்கு 3 டொலர், வைத்தியசாலையில் 2 டொலர். முதல் வேலை பெரும்பாலும் பகுதிநேரமாகவே கிடைக்கும். வீட்டுப் பராமரிப்புக்குக் காரும் சாரதி அனுமதியும் கேட்கிறார்கள்.

பிறகு சேர்த்தது

இதை வாசித்த ஒருவர், தன் வைத்தியர் படிவத்தில் கையெழுத்து வைத்தார், ஆனால் காசநோய் வாசிப்பில் வெறுமனே "நெகட்டிவ்" என்று எழுதியதால் பள்ளி திருப்பி அனுப்பிவிட்டது என்றார். கிளினிக்கை விட்டு வெளியே வருமுன் மூன்றைப் பாருங்கள்: ஊசி போட்ட திகதி, வாசித்த திகதி, மில்லிமீற்றர். தடிப்பே இல்லாவிட்டாலும் 0 என்று எழுதச் சொல்லுங்கள்.

இன்னொருவர் மூலப் படிவத்தைப் பள்ளியில் கொடுத்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கையில் ஒன்றுமில்லாமல் நின்றார். வேலை தரும் இடமும் இதே கடதாசிகளை மறுபடி கேட்கும். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, ஒரு பிரதி அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். முகக்கவசப் பொருத்தம் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். அந்தத் திகதியைக் கோப்பின் மேலட்டையிலேயே எழுதி வையுங்கள்.