பேல் ஏல் செய்முறையில் கசப்பையும் இனிப்பையும் சமன்செய்தல்

வீட்டில் பேல் ஏல் என்னும் வெளிர் நிற பீரை வடிப்போர் பலர், அதற்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸின் வகையைத் தேர்ந்தெடுப்பதில்தான் முதலில் இறங்குகின்றனர். ஆனால் சமநிலையைத் தீர்மானிப்பது ஓர் எளிய வகுத்தல் கணக்கு. நொதிக்கும் முன் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றின் அடர்த்தி, நீரை 1 எனக் கொண்டு, 1.050 எனில், புள்ளிக்குப் பின் வரும் 50ஐ எடுத்துக்கொண்டு, கசப்பின் அலகான ஐபியுவை அதனால் வகுக்க வேண்டும். விடை 0.7ஐ ஒட்டி இருந்தால், அதாவது கசப்பு 35 ஐபியு அளவில் நின்றால், ஹாப்ஸ் சற்று மேலோங்கியும் மால்ட்டின் சுவை மறையாமலும் இருக்கும்.

20 லிட்டருக்கு 4.2 கிலோ பேல் மால்ட்டும் இனிப்பைக் கூட்டும் 300 கிராம் கிரிஸ்டல் மால்ட்டும் போதுமானவை. கிரிஸ்டல் மால்ட் மொத்தத் தானியத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால், ஈஸ்ட்டால் முழுவதும் உண்ண முடியாத சர்க்கரைகள் மிஞ்சிப் பானம் திகட்டிவிடும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான் என்பது என் கருத்து. தானியத்தை 66 டிகிரி செல்சியஸ் வெப்ப நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கலாம்.

கசப்பில் பாதியைத் தரும் ஹாப்ஸை 60 நிமிடக் கொதிப்பின் தொடக்கத்திலும், மீதியைக் கடைசி 10 நிமிடங்களிலும் சேர்ப்பது நல்லது, ஏனெனில் ஹாப்ஸின் நறுமண எண்ணெய்கள் நீண்ட கொதிப்பில் ஆவியாகிவிடும். ஹாப்ஸில் கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலத்தின் அளவு அறுவடைக்கு அறுவடை மாறுவதால், பழைய செய்முறையின் கிராம் அளவை அப்படியே எடுத்தாளாமல், பொட்டலத்தில் அச்சிட்டுள்ள சதவீதத்தைக் கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

ஈஸ்ட்டையும் மறந்துவிடக் கூடாது: இதே சாறு நொதித்து அடர்த்தி 1.012இல் முடிந்தால் கசப்பு தெளிவாகத் தெரியும், சர்க்கரை மிஞ்சி 1.016இல் நின்றால் மங்கிவிடும்.