பிளான்டட் டேங்க் (செடி வளர்க்குற மீன் தொட்டி) லைட்டை எவ்ளோ உயரத்துல வைக்கணும்

லைட் வாங்கும்போது எத்தனை வாட், எத்தனை கெல்வின் (வெளிச்சத்தோட நிறம்)னு மண்டைய உடைச்சுக்கிறோம், வாங்கிட்டு வந்ததும் கூட வந்த ஸ்டாண்டு காலை மாட்டி கண்ணாடி விளிம்புல உக்கார வச்சிட்டு அதோட மறந்துடுறோம். டிம்மர் இல்லாத லைட்டுக்கு உயரம் தான் டிம்மர். அல்கே (பாசி) வந்ததும் மருந்து தேடி ஓடுறதுக்கு முன்னாடி லைட்டை கொஞ்சம் தூக்கிப் பாருங்க.

ரெண்டடி டேங்க்னு வச்சுக்கோங்க, உயரம் 36 செமீ. லைட் தண்ணிக்கு 10 செமீ மேல இருந்தா, மண்ணு, தண்ணி மட்டம் எல்லாம் போக மண்ணுக்கும் லைட்டுக்கும் சுமார் 40 செமீ வரும். மேல் மட்டத்துக்கு வளந்த ரொட்டாலா (உயரமா வளர்ற தண்டுச் செடி) நுனிக்கு 15 செமீ தான். இப்ப லைட்டை 10 செமீ தூக்குனா மண்ணுக்கு 40 வந்து 50 ஆகுது, நுனிக்கு 15 வந்து 25 ஆகுது. நுனிக்கு வெளிச்சம் பாதிக்கு கிட்ட விழுந்துடும், மண்ணுக்கு அவ்ளோ குறையாது. அதனால தூக்குனா வெறும் வெளிச்சம் குறையுறது மட்டும் இல்ல, மேலயும் கீழயும் உள்ள வித்தியாசமும் குறையுது, மூலைல இருட்டா கிடந்த கிரிப்டோ செடிக்கும் கொஞ்சம் கிடைக்கும். ஸ்பாட் மாதிரி சின்ன லைட்டுன்னா தூரம் கூடக்கூட சட்டுனு விழும், நீளமான பட்டி லைட்டுக்கு மெதுவா விழும்.

சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு வாயு) விடாம அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோ மாதிரி குறைஞ்ச வெளிச்சம் போதுற செடி மட்டும் வச்சிருக்கீங்க, லைட்டும் பவரானதுன்னா தண்ணிக்கு மேல 25-30 செமீல ஆரம்பிங்க. சுமாரான லைட்டுன்னா விளிம்புலயே இருக்கட்டும், தூக்க வேணாம். மான்டி கார்லோ மாதிரி தரைல படர்ற செடின்னா சிஓடூ செட் பண்ணி டிராப் செக்கர் (தண்ணில சிஓடூ அளவை நிறத்துல காட்டுற சின்ன கண்ணாடிக் கருவி) வெளிர் பச்சைக்கு வந்த பிறகு தான் லைட்டை கீழ இறக்கணும், முதல்ல இறக்கிட்டு அப்புறம் சிஓடூ பாத்துக்கலாம்னா நடுவுல அல்கே தான் வளரும். பி.ஏ.ஆர் (செடி பயன்படுத்துற வெளிச்சத்தோட அளவு) கணக்கு கேக்குறவங்களுக்கு, மண்ணு மட்டத்துல 15-30 இருந்தா லோ லைட், 50க்கு மேல போனா ஹை லைட். அதை அளக்குற மீட்டர் விலை அதிகம், போன்ல வெளிச்சம் அளக்குற லக்ஸ் ஆப் போதும். அந்த நம்பரை அப்படியே நம்பாதீங்க, டேங்குக்கு வெளிய ஒரே தூரத்துல போனை வச்சு தூக்குறதுக்கு முன்னாடி எவ்ளோ, பின்னாடி எவ்ளோன்னு ஒப்பிட மட்டும் தான் அது.

தொங்க விட சீலிங்ல ஹூக் அடிச்சு ரெண்டு பக்கமும் ஸ்டீல் வயர் விட்டா போதும், நீளத்தை கூட்டிக் குறைக்க லாக் இருக்குற வயரா பாத்து வாங்குங்க. வாடகை வீட்ல ஓட்டை போட விட மாட்டாங்க, டேங்க் ஸ்டாண்டுக்கு பின்னாடி ஜிஐ பைப்பை வளைச்சு நிறுத்திக்கலாம். ப்ளக்கை புடுங்கிட்டு வேலைய பாருங்க. லைட் வயரை ப்ளக் பாயின்ட்டுக்கு கீழ வரைக்கும் தொங்க விட்டு அப்புறம் மேல ஏத்துங்க, சொட்டுற தண்ணி ப்ளக்குக்குள்ள போகாது.

ஒரு தடவைக்கு 5 செமீ, அதுக்கு மேல வேணாம். மாத்திட்டு ரெண்டு வாரம் கை வைக்காம விடுங்க, அந்த நேரத்துல உரத்தையும் லைட் நேரத்தையும் மாத்தாதீங்க, மாத்துனா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. 7 மணி நேரம் எரிஞ்சா தாராளம். பாக்க வேண்டியது புது இலைய தான், பழைய இலை எப்படியும் திரும்பாது. தண்டு நீண்டு கணுவுக்கு கணு இடைவெளி கூடுதா, மான்டி கார்லோ படராம மேல எழும்புதா, வெளிச்சம் பத்தல, இறக்குங்க. அனுபியாஸ் இலைல பச்சைப் புள்ளி விழுது, கண்ணாடிய துடைச்ச ரெண்டு நாள்ல திரும்ப பச்சை படியுதுன்னா தூக்குங்க. பச்சைப் புள்ளி பாஸ்பேட் குறைஞ்சாலும் வரும், தூக்கியும் நிக்கலன்னா உரத்தை பாருங்க.

தூக்குனதும் வெளிச்சம் கண்ணாடிக்கு வெளிய சிதறி சோஃபால உக்காந்திருக்குறவங்க கண்ணுல அடிக்கும், லைட் ஓரத்துல கருப்பு ஷீட் ஒட்டிடுங்க. மூடியை எடுத்துட்டா மீன் குதிக்கும், நம்ம ஊர் வெயிலுக்கு தண்ணியும் சட்டுனு இறங்கும், கண்ணாடி மூடி இருந்தா அப்படியே விட்டுட்டு வாரா வாரம் உப்புக் கறையை மட்டும் துடைங்க, அந்தக் கறையே நல்லா வெளிச்சத்தை மறைக்கும். தூக்க வழியே இல்லாத டேங்கா இருந்தா மிதக்குற செடி கொஞ்சம் விடுங்க, மேல்பரப்புல பாதிக்கு மேல பரவ விடாம அப்பப்ப அள்ளிப் போட்டுடணும்.