ரியால்டோ கடற்கரையில் செய்யக் கூடாதவை

வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் இருக்கும் ரியால்டோ கடற்கரைக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்குக் குறி ஒன்றுதான்: வடக்கே ஒன்றரை மைல் தள்ளி, அலை குடைந்த ‘ஹோல் இன் த வால்’ பாறை ஓட்டை. ஜாக்கெட் எடுங்கள், நல்ல ஷூ போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள்; அதை விடுகிறேன். நானும் ஒரு காலத்தில் செய்து, புதிதாக வருகிறவர்கள் இன்றும் அப்படியே செய்வதை மட்டும் சொல்கிறேன்.

லோ டைட் நேரத்துக்குப் போய் இறங்குவது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும். கடல் ஏற்ற இறக்க அட்டவணையில் லோ டைட் 11:20 என்றிருந்தால், ரயில் பிடிக்க வருகிற மாதிரி சரியாக 11:20க்குக் காரை நிறுத்துகிறார்கள். அதுதான் கடல் முழுக்க வற்றிய நேரம். அதற்கப்புறம் ஏற்றம்தான். கால் புதைகிற கூழாங்கல்லில் ஒன்றரை மைல் நடக்க ஒரு மணி நேரமாகும். போட்டோவுக்கு நின்றால் இன்னும் கூடும்.

ஒரு கோடையில் நாங்கள் திரும்பும்போது, தெரிந்த தம்பதி ஒன்று எதிரே வந்தது. “இப்ப போகாதீங்க” என்றேன். “கடல் அப்படியேதானே இருக்கு, சும்மா பயமுறுத்தாதீங்க அண்ணா” என்றாள் அந்தப் பெண். முதல் மணி நேரத்தில் அப்படித்தான் தெரியும். ஏற்றம் சீராக வராது. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஏறுவது ஏறக்குறைய ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று. அங்கே 8 அடி ஏற்றம் சாதாரணம். அப்படியென்றால் மூன்றாவது மணியில் மட்டும் 2 அடி.

இருவரும் ஓட்டையைத் தாண்டிப் போய், பாறைக் குட்டைகளில் நட்சத்திர மீனும் கடல் சாமந்தியும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். திரும்பினால் ஓட்டைக்குள் முழங்கால் அளவு நுரை. மனைவியின் ஷூ நனையக் கூடாதாம். அலேக்காகத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். இரண்டாவது எட்டில் வந்த அலை இருவரையும் உட்கார வைத்துவிட்டது. அப்புறம்தான் மேலே மரத்தில் சிவப்பும் கறுப்புமாக வட்டப் பலகை கண்ணில் பட்டதாம். பாறையைச் சுற்றாமல் மேலேறிக் கடக்கிற பாதைக்கு அதுதான் அடையாளம்.

சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள், கார்க் கதவு வரை. பேன்ட் பையிலிருந்த ரிமோட் சாவி உப்புத் தண்ணீர் குடித்துச் செத்திருந்தது. மாற்றுச் சாவி சியாட்டிலில், நாலு மணி நேரப் பயணத்தில். அவர்களை ஏற்றிக்கொண்டு போனது யார் என்று நினைக்கிறீர்கள்?

லோ டைட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே நடக்கத் தொடங்குங்கள். கடல் வற்றி முடிகிற நேரத்தில் ஓட்டைக்கு இந்தப் பக்கம் இருங்கள். தண்ணீர் வந்துவிட்டால் இறங்கவே வேண்டாம், பலகையைத் தேடுங்கள்.

சியாட்டில் அட்டவணையைப் பார்ப்பது

சியாட்டில் இருப்பது பியூஜெட் சவுண்ட் என்ற உள்கடலுக்குள்ளே. அங்கே கடல் வற்றுவது பல மணி நேரம் பிந்தித்தான். ரியால்டோவுக்குப் பக்கத்து ஊர் லா புஷ்; அந்தப் பெயரில் தேடுங்கள்.

மரக்கட்டையில் ஏறிப் போட்டோ

கரையெங்கும் கிடக்கும் ராட்சத மரங்கள் அசையாது என்று நினைத்துக் குழந்தையை மேலே உட்கார வைக்கிறார்கள். அவற்றைக் கொண்டுவந்து போட்டதே கடல்தான். சில அங்குலத் தண்ணீர் வந்தாலே டன் கணக்கான கட்டை உருளும். இந்தக் கரையோரத்தில் அப்படி உயிர் போயிருக்கிறது.

சாப்பாட்டுப் பையை விட்டுப் போவது

புளியோதரை காகத்துக்கு.

நாயை ஓட்டை வரை கூட்டிப் போவது

முடியாது. எல்லன் ஓடை வரைதான், அதுவும் கயிற்றில்.